ஒரே மனிதர், இரண்டு சாம்பியன் பட்டம், ஒரு பை ரத்தம்

1/ பைக் ரேஸ், ஃபார்முலா 1 கார் ரேஸ் இரண்டிலும் உலக சாம்பியன் ஆன ஒரே மனிதர் ஜான் சர்ட்டீஸ். ஆனா ஒரு டாக்டரா நான் அவரைக் கும்பிடுறதுக்குக் காரணம் வேற. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ இங்கிலாந்துக்காரர். 1956 முதல் 1960 வரை எம்வி அகஸ்டா பைக்கில் 7 உலகப் பட்டங்கள். 500 சிசியில் 4, 350 சிசியில் 3. பிறகு காருக்கு மாறினார். 1964-ல் ஃபெராரியில் ஃபார்முலா 1 சாம்பியன்!

3/ 1965 செப்டம்பர். கனடாவின் மோஸ்போர்ட் டிராக்கில் பயிற்சியின்போது பெரிய விபத்து. இடுப்பெலும்பு, முதுகெலும்பில் முறிவு. உடம்பின் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட 4 அங்குலம் குறைஞ்சு போச்சு. அடுத்த ஜூனில், மழையில் நடந்த பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் ஜெயிச்சார்.

4/ "என்னா மன உறுதி!"ன்னு தோணும். உண்மைதான். ஆனா மன உறுதி வேலை செய்யணும்னா, ஆள் முதல்ல உயிரோட ஆஸ்பத்திரி வந்து சேரணும். இதை நாம மறந்துடுறோம்.

5/ 2009 ஜூலை 19. பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக். வேறொரு காரிலிருந்து கழன்ற சக்கரம் மகன் ஹென்றியின் தலையில் மோதியது. ஹென்றி இறந்தார். வயசு 18.

6/ அப்பா முடங்கிப் போயிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. அவரோ மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். கென்ட், சர்ரே, சசெக்ஸ் பகுதி ஏர் ஆம்புலன்ஸ் விபத்து நடந்த இடத்துக்கே ரத்தம் கொண்டுபோக அந்த அறக்கட்டளை உதவியது.

7/ இது ஏன் பெரிய விஷயம்? ரத்தம் கொட்டுற ஒருத்தருக்கு சலைன் மட்டும் ஏத்திக்கிட்டே இருந்தா, மிச்சமிருக்கும் ரத்தமும் நீர்த்துப் போகும். உறையும் தன்மை குறையும். ஆக்சிஜனைச் சுமக்க சலைனால் முடியாது. சிவப்பணுவால்தான் முடியும். குரூப் பார்க்க நேரமில்லாத இடத்தில் ஓ நெகட்டிவ் கைகொடுக்கும்.

8/ ஹென்றிக்கு நேர்ந்தது தலைக்காயம். அங்கே ஒரு பை ரத்தம் விதியை மாற்றியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். தன் பிள்ளை போன பிறகும் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை நினைச்சார் பாருங்க, அதுதான் என் கணக்கில் அவரோட எட்டுப் பட்டங்களையும் விடப் பெருசு.

9/ சர்ட்டீஸ் 2017-ல் தன் 83-வது வயதில் மறைந்தார். அவர் மாதிரி வண்டி ஓட்ட நம்மால் முடியாது. ஓட்டவும் வேண்டாம்! ஆனா அந்தப் பையில் இருக்கும் ரத்தத்தை எந்த ஃபேக்டரியும் தயாரிக்கிறதில்ல. நீங்க கொடுத்தாதான் உண்டு.

கடைசியா எப்போ ரத்தம் கொடுத்தீங்க?