அமுக்கிய குரல் திரும்புமா?

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம்) மரைன் ஹில் பக்கம் வீட்டு அறையில் மைக்கை நிறுத்தி, பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்ய முனையும் இளைஞருக்கு முதல் எதிரி அந்த மழைதான். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம், தலைக்கு மேல் மின்விசிறி, நடுநடுவே துறைமுகத்துக் கப்பலின் ஊதல். இரண்டாவது எதிரி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதன் பெயர் கம்ப்ரெஷன். பழகத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல நண்பன். தெரியாதவர்கள் கையில் அது குரலைக் கெடுத்துவிடும்.

வீட்டில் பதிவு செய்வது என்பது இளக்காரமான விஷயமல்ல. சென்னை கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் தன் வீட்டை ஒட்டி அமைத்த ‘பஞ்சதன்’ ஸ்டூடியோவில்தான் 1992இல் வெளியான ‘ரோஜா’வின் இசை உருவானது. அன்று அதற்குப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. இன்று ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக் போதும். கருவி கைக்கு வந்துவிட்டது. காதுக்குத்தான் இன்னும் பயிற்சி தேவை.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. கம்ப்ரெஷன் என்ற ஒரே சொல் சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகளைக் குறிக்கிறது. ஒன்று, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது. மற்றது, ஃபைலின் அளவைக் குறைப்பது.

முதலாவதைப் புரிந்துகொள்ளக் கல்யாண வீட்டு மைக் செட்காரரை நினைத்தால் போதும். பாடகர் உச்சத்தில் கத்தினால் ஆம்ப்ளிஃபயர் குமிழைக் குறைப்பார். முணுமுணுத்தால் ஏற்றுவார். கம்ப்ரெஸர் என்பது சாப்பிடப் போகாத, தூங்கி வழியாத மைக் செட்காரர். அதற்கு ஐந்து உத்தரவுகள் தர வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் கை வைக்க வேண்டும் (த்ரெஷோல்ட்), எவ்வளவு அமுக்க வேண்டும் (ரேஷியோ), எத்தனை வேகமாகப் பாய வேண்டும் (அட்டாக்), எத்தனை வேகமாக விட வேண்டும் (ரிலீஸ்), கடைசியில் மொத்தத்தையும் எவ்வளவு உயர்த்த வேண்டும் (மேக்கப் கெய்ன்).

ஒரு கணக்கு. டிஜிட்டல் பதிவில் உச்சவரம்பு 0 டெசிபல். மற்ற அளவுகள் எல்லாம் அதற்குக் கீழே, மைனஸில். த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 4:1 என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டியின் குரல் திடீரென மைனஸ் 8க்கு எழுகிறது. அதாவது எல்லையை 12 டெசிபல் தாண்டிவிட்டது. கம்ப்ரெஸர் அந்த 12ஐ நாலால் வகுத்து 3 ஆக்குகிறது. வெளியே வருவது மைனஸ் 17. ஆக, 9 டெசிபல் அமுங்கிவிட்டது. குரல் சிறுத்துவிட்டதே என்று மேக்கப் கெய்னில் அந்த 9ஐத் திருப்பிக் கொடுத்தால் உச்சம் பழையபடி மைனஸ் 8. மெல்லிய சொற்கள் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. பிரமாதம்.

ஆனால் அறையில் மின்விசிறி மைனஸ் 50இல் ஓடிக்கொண்டிருந்தது. அது த்ரெஷோல்டைத் தாண்டவில்லை, ஆகவே அமுக்கப்படவும் இல்லை. ஆனால் 9 டெசிபல் உயர்வில் அதற்கும் பங்கு உண்டு. இப்போது அது மைனஸ் 41. மழையும் அப்படியே. குரலை முன்னால் கொண்டுவர நினைத்தவர் கூரையையும் சேர்த்து முன்னால் கொண்டுவந்துவிட்டார். புதிதாகப் பதிவு செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு மருந்து கம்ப்ரெஸரில் இல்லை, மைக்கின் இடத்தில் இருக்கிறது. வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் மைக்கை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. அறையின் இரைச்சல் கூடுவதில்லை. விசிறியை நிறுத்துவதற்கும் மழை ஓயக் காத்திருப்பதற்கும் எந்த சாஃப்ட்வேரும் ஈடாகாது.

அட்டாக், ரிலீஸ் இரண்டும் மில்லி செகண்டுகளில் நடக்கும் விளையாட்டு. மிருதங்கத்தில் விரல் விழும் கணத்தில்தான் அந்த அடியின் கூர்மை இருக்கிறது. அட்டாக் மிக வேகமாக இருந்தால் கம்ப்ரெஸர் அந்தக் கூர்மையை விழுங்கிவிடும். அட்டைப் பெட்டியைத் தட்டிய மாதிரி ஒலிக்கும். ரிலீஸ் மிக வேகமாக இருந்தால் சொல்லுக்குச் சொல் இடைவெளியில் விசிறிச் சத்தம் பொங்கி அடங்கும். பதிவு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். பேச்சுக்கும் பாட்டுக்கும் 2:1 முதல் 4:1 வரை ரேஷியோ, 10 முதல் 30 மில்லி செகண்ட் அட்டாக், 100 மில்லி செகண்டை ஒட்டிய ரிலீஸ், 3 முதல் 6 டெசிபல் அமுக்கம் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும்.

இன்னொரு பொறியும் உண்டு. சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது தீர்ப்புச் சொல்லிவிடும். கம்ப்ரெஸர் போட்டதையும் போடாததையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இந்தப் பொறியில் ஒரு தொழிலே விழுந்தது. மற்றவர்களைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று இசைத்தட்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று மிஞ்ச அமுக்கின. 2008இல் மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெடிக்’ வெளிவந்தபோது, குறுவட்டைவிட வீடியோ கேமில் வந்த அதே பாடல்கள் நன்றாக ஒலிக்கின்றன என்று ரசிகர்களே கொதித்தார்கள். இன்று யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் உரத்த பாடல்களின் சத்தத்தைத் தாமாகவே குறைத்துவிடுகின்றன. ஆகவே அந்தப் போட்டிக்கு இப்போது பரிசும் இல்லை.

இனி இரண்டாவது கம்ப்ரெஷன். குறுவட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 10 எம்.பி. தேவை. 1990களில் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகம் முன்னின்று உருவாக்கிய எம்.பி.3 அதை 1 எம்.பி. அளவுக்குச் சுருக்கியது. பெரிய சத்தத்துக்கு அடியில் ஒளியும் சிறிய சத்தம் காதுக்குக் கேட்பதில்லை, எனவே அதைத் தூக்கி எறியலாம் என்பதே சூத்திரம். எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. 2001இல் வந்த ஃப்ளாக் எதையும் எறியாமல் மடித்து வைக்கிறது. ஃபைல் எம்.பி.3 அளவுக்குச் சிறுக்காது, ஆனால் பிரித்தால் முழுசாகக் கிடைக்கும்.

தீவுகளில் எம்.பி.3 மீதான மோகத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்படும் வரை செயற்கைக்கோளின் மெதுவான இணைப்பே கதி. பெரிய ஃபைலை அனுப்புவது தவமாக இருந்தது. இப்போது அந்தச் சாக்கு இல்லை.

இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சனை அல்ல. மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி 2005இல் கிரேட் அந்தமானிய மொழிகளைப் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். சாரே மொழி பேசிய லிச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார். இனி அந்த மொழிகளின் ஓசைக்குச் சாட்சி ஒலிப்பதிவுகள் மட்டுமே. ஒரு மெய்யெழுத்து எப்படி வெடித்தது என்று ஆராய்பவருக்கு, காதுக்குக் கேட்காது என்று சாஃப்ட்வேர் எறிந்த துணுக்கு முக்கியமானதாக இருக்கலாம். ஒலி ஆவணக் காப்பகங்கள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில் அமுக்காத பதிவைக் கேட்பது அதனால்தான்.

தமிழ் அழியும் மொழி அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வங்காளம், இந்திக்கு அடுத்து இத்தீவுகளில் அதிகம் பேரின் தாய்மொழி அதுதான். ஆனால் பாட்டிகள் அழிவில்லாதவர்கள் அல்ல. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கச்சாலைச் சூறையாடியது. அப்படிப்பட்ட குடும்பங்களின் பாட்டும் பேச்சும் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது.

ஆகவே வரிசை முக்கியம். பதியும்போது கம்ப்ரெஸர் வேண்டாம். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10க்குள் நிற்கும்படி பதியலாம். 0ஐத் தாண்டி உடைந்த ஒலியை யாராலும் ஒட்ட முடியாது. மூலப் பதிவைத் தொடாமல் இரண்டு இடங்களில், ஒன்றைத் தீவுக்கு வெளியே, வைக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மணி நேர ஸ்டீரியோ 1 ஜி.பி.யை ஒட்டித்தான் வரும். ஒற்றைச் சேனல் என்றால் அதில் பாதி. பிறகு நகல் எடுத்து, அதில் ஆசை தீர அமுக்கலாம், எம்.பி.3 ஆக்கி வாட்ஸ்அப்பில் பேரன் பேத்திகளுக்கு அனுப்பலாம். பிடிக்காவிட்டால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம். மூலம் அமுங்கிப்போனால் மறுபடி பாடச் சொல்லப் பாட்டி இருக்க வேண்டும்.