பேய் மட்டும் போதாது, கூட்டாளியும் வேணும்!

கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில், அட்டைப்படம் சில இடங்களில் 120×45 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். பல வருஷ உழைப்பை ஒருத்தர் திறந்து பார்ப்பாரா, தாண்டிப் போவாரா என்பது அந்தத் துண்டுப் படத்திலேயே முடிவாகிவிடலாம்.

'ஃபாஸ்மோபோபியா' போல 4 பேர் வரை சேர்ந்து ஆடும் ஹாரர் கேமுக்குச் சிக்கல் இரட்டிப்பு. இருட்டில் ஒரு கோர முகம் மட்டும் இருந்தால், தனியாக ஆடும் கேம் என்றே தோணும். 'நண்பர்களோடு ஆடலாம்' என்று எழுதிவிடலாமே? முடியாது. வழக்கமான அட்டைப்படத்தில் ஓவியம், கேமின் பெயர், துணைத்தலைப்பு தவிர வேறு எதுவும் கூடாது என்பது 2022 செப்டம்பரில் வந்த ஸ்டீம் விதி.

ஆக, படமேதான் பேசணும். டார்ச்சோடு 2, 3 உருவங்கள், அவர்களுக்குத் தெரியாமல் பின்னால் ஒரு நிழல்: சேர்ந்துதான் மாட்டப்போகிறார்கள் என்பது புரிந்துவிடும். வெளிச்சம் ஓரிடத்தில், பெயர் தடித்த எழுத்தில் இருக்கட்டும். ரத்தம் சொட்டும் எழுத்து, சுருங்கினால் படிக்கவே வராது.

அதற்காக, கேமில் இல்லாததைக் காட்டி இழுக்கவும் கூடாது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஏமாந்தவர் கேட்கத்தானே செய்வார்?