இரு வார ஊழியமும் அநாதை இல்லங்களும்

கோடை விடுமுறைதோறும் அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்த இளைஞர் குழுக்கள் கென்யா, உகாண்டா முதலிய தேசங்களின் அநாதை இல்லங்களுக்கு இரு வார ஊழியமாகச் செல்வது நெடுநாளைய வழக்கம். பிரயாணக் களைப்புத் தீருமுன்பே செம்மண் முற்றத்தில் வந்து நிற்கும் அவர்களைப் பிள்ளைகள் பாட்டுப் பாடி வரவேற்பதும், பெயர்கூட அறியாத விருந்தினரின் மடியில் சிறு குழந்தை தானே ஏறி அமர்ந்துகொள்வதும் முதல் நாளிலேயே உள்ளத்தை உருக்கிவிடுகின்றன. ஆயினும், அன்பின் அடையாளமாகத் தோன்றும் அவ்வொட்டுதல், வருவோரும் போவோருமாக மாறிக்கொண்டேயிருக்கும் வாழ்வில் நிலையான உறவு வாய்க்காத குழந்தையின் ஏக்கமாகவும் இருக்கலாம் என மனோதத்துவ நிபுணர் எச்சரிக்கின்றனர். மேலும், இவ்வில்லங்களில் வளர்வோருள் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்க, வறுமையும் பள்ளிச் செலவுமே பெரிதும் அவர்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. ஆகவேதான் ருவாண்டா 2012-இல் இல்லங்களை மூடிக் குழந்தைகளைக் குடும்பங்களிற் சேர்க்கும் திட்டத்தை மேற்கொண்டது, கென்யாவும் 2022-இல் அத்தகைய பத்தாண்டுத் திட்டமொன்றை வகுத்தது, ஐ.நா. பொதுச்சபையும் 2019-இல் அநாதை இல்லங்களை நாடும் தொண்டர் பயணங்களால் விளையும் தீங்கைச் சுட்டிக்காட்டியது. தொண்டர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும், திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே பக்தியின் இலக்கணம் என்று போதிக்கும் திருச்சபைகள், விமானக் கட்டணத்துக்குச் செலவாகும் பொருளை, ஓர் ஏழைத்தாய் தன் பிள்ளையைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க உதவுமாறு அளிப்பதே உத்தமமான ஊழியம் என்பது நம் துணிபு.