இறைவைப் புரதமும் நம் மூலிகைப் பேச்சும்

காரைக்கால் தலத்தெருவின் வேலியோரங்களில் எவரும் நீர் வார்க்காமலே பூத்துக் கிடப்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு அதனை வீட்டுக்குள் சேர்க்காதவரும் உண்டு. அச்செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்து 1958இல் உலகுக்கு அறிவித்தனர். நீரிழிவுக்கு மருந்து தேடப் போய், எலிகளின் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டு வழி மாறிய ஆய்வு அது. அதே செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதன்மையான மருந்துகளுள் ஒன்றாக விளங்குகிறது.

ஆயினும், முதலில் கேட்ட மருந்து பின்னர்க் கேட்காமற் போவதைப் புற்றுநோய் கண்ட குடும்பங்கள் அறியும். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று 1976இல் தெளிவாயிற்று. ஜூலியானோ, லிங் என்னும் இருவர் டொராண்டோவில் கோல்ச்சிசின் என்ற நஞ்சுக்கு அசையாத உயிரணுக்களை ஆராய்ந்து, அவற்றின் மேலுறையில் ஒரு புரதம் மிகுந்திருக்கக் கண்டனர். அதற்குப் பி-கிளைக்கோபுரதம் என்று பெயர். கோல்ச்சிசின் நமக்கு அயலானதன்று. மூலனூர், தாராபுரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தளிலும் இருப்பது அதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களின் வரிசையில் தலைநிற்கும் காந்தள் ஆய்வுக்கூடத்திலும் இடம்பெறுவது தமிழாசிரியர்க்குத் தனி மகிழ்ச்சி.

இப்புரதத்தை நாம் இறைவைப் புரதம் என்போம். தாழ்ந்த வயலில் தேங்கிய மழைநீரை எஞ்சின் வைத்து வரப்புக்கு அப்பால் இறைப்பதைக் காணாத கழனிக்காரர் இப்பகுதியில் இலர். புற்றணுவும் அவ்வாறே தன் எரிசக்தியைச் செலவிட்டு, உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது. வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின், பாக்ளிடாக்சல் ஆகியவை வடிவில் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. அவை அனைத்தையும் ஒரே இறைவை வெளியேற்றுகிறது என்பதே பெருங்கேடு.

எனில், இறைவையை அடைத்துவிட்டால் என்ன? 1981இல் ஜப்பானிய அறிஞர் சுருவோவும் அவர்தம் குழுவினரும் வெரபமில் என்னும் இதய மருந்து சேர்ந்தால், எதிர்ப்புப் பெற்ற இரத்தப் புற்றணுக்களில் வின்கிரிஸ்டின் மீண்டும் வேலை செய்வதைக் காட்டினர். அன்று தொடங்கிய தேடல் இன்றும் ஓயவில்லை. தேடும் முறை எளியது. ரோடமின் போன்ற ஒளிரும் சாயத்தை அணுக்களுக்கு ஊட்டுவர். இறைவை ஓடினால் சாயம் வெளியேறி அணு மங்கும். அடைக்கும் பொருள் சேர்ந்தால் சாயம் உள்ளே தங்கி அணு ஒளிரும். சிறு குழிகள் நிறைந்த தட்டுகளில் நூற்றுக்கணக்கான பொருள்களை இவ்வாறு சலித்தெடுக்கலாம்.

சலித்தெடுத்தவை மருந்தாயினவா என்பதே கேள்வி. வெரபமில் தேவைப்படும் அளவில் இதயத்தைத் தாக்கியது. வல்ஸ்போடார் ஈரலின் வேலையைக் குலைத்து, உடன் கொடுத்த புற்றுமருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றியது. டாரிகுவிடார் நுரையீரல் புற்றுநோய்க்கான பெருஞ்சோதனைகளில் நஞ்சு மிகுந்தமையால் 2003இல் நிறுத்தப்பட்டது. இந்நோக்கத்துக்கென ஒரு மருந்தும் இதுவரை வழக்கமான சிகிச்சைக்கு வந்து சேரவில்லை.

ஏன்? அந்த இறைவை புற்றணுவுக்கே உரியதன்று. நம் குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் குருதி நாளங்களிலும் காவலாய் நிற்பதும் அதுவே. ஆம்ஸ்டர்டாமில் இப்புரதத்துக்கான மரபணு நீக்கிய எலிகளை வளர்த்தனர். உண்ணிக்காக ஐவர்மெக்டின் தெளித்தபோது, ஏனைய எலிகள் நலமாயிருக்க அவை மட்டும் மடிந்தன. மருந்து தடையின்றி மூளைக்குள் ஏறிவிட்டது. 1994இல் வெளிவந்த செய்தி இது. திருடன் நுழைந்தான் என்று வீட்டுக் கதவையே பெயர்த்தெறிவதற்கு ஒப்பாகும் இறைவையை முற்றும் அடைப்பது.

மஞ்சளின் குர்குமினும் மிளகின் பைப்பெரினும் இந்த இறைவையைத் தடுப்பதாக ஆய்வுக்கூட முடிவுகள் உண்மையாகவே உள்ளன. அதனை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் தட்டில் ஒளிர்ந்த அணு, "மஞ்சள் புற்றுநோயைத் தீர்க்கும்" என்ற தலைப்பாக ஊருக்குள் வரும்போது நாம் அஞ்சுகிறோம். உண்ட குர்குமினில் மிகச் சிறுபகுதியே இரத்தத்தை அடைகிறது. குழம்பில் இடும் மஞ்சளால் அச்சமில்லை. செறிவூட்டிய மாத்திரைகளை மருத்துவர் அறியாமல் விழுங்குவதே இடர். அவை மற்ற மருந்துகளின் அளவை உடலில் மாற்றிவிடக்கூடும். அதனினும் கொடிது, புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாற்றுக்கோ செல்லும் தவணையைப் பாதியில் கைவிடுவது. நேர்ந்த இழப்புக்கு விதியைச் சொல்லி ஆறுதல் கொள்வது வேறு. இருந்த வழியை ஒரு தலைப்பை நம்பி அடைத்துக்கொள்வது வேறு.

இவ்வகை ஆய்வுகளில் ஈடுபடும் நம் அறிவியல் மாணவரிடம் ஒன்று வேண்டுகிறோம். இறைவையை அடைக்க ஒரு பொருள் எவ்வளவு தேவைப்பட்டது, அதே பொருளை உண்டவர் இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்னும் இரண்டு எண்களையும் ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் அருகருகே எழுதுக. இரண்டாம் எண் அறியப்படாததாயின், அவ்விடத்தை வெற்றாகவே விடுக. அப்பக்கத்தைத் தாய்மார் படித்தறியும் தமிழில் ஆக்கித் தருவதைத் தமிழ்த்துறைகள் தம் பணியாக ஏற்கலாம். அதற்கான கலைச்சொற்கள் நம் வயல்களிலேயே கிடக்கின்றன.