"சுவையாக இருந்தது" என்றால் போதுமா?

பொங்கல் விழா, பள்ளிச் சுற்றுலா, அக்காளின் திருமணம் - எதைப் பற்றிக் கட்டுரை வரையச் சொன்னாலும் மாணவியர் ஏடுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து அமர்ந்துகொள்கிறது: "உணவு மிகவும் சுவையாக இருந்தது." உண்டது புளியோதரையா பாயசமா என்பதுகூடப் படிப்பவருக்கு விளங்காது. கண் கண்டதை அரைப்பக்கம் வருணித்துவிட்டு, நா அறிந்ததை ஒரே சொல்லில் முடிப்பது முறையா?

நம் தாய்மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என ஆறு சுவைகளை முன்னோர் வகுத்தனர். உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், தொடு உணர்வுக்கு அடுத்ததாக வைப்பது நாவின் அறிவைத்தான். மூக்கும் கண்ணும் செவியும் அதற்குப் பின்னரே.

இக்கால அறிவியல் இக்கணக்கைச் சற்று மாற்றுகிறது. காரம் சுவையன்று, மிளகாயிலுள்ள காப்சைசின் சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலார் கிக்குனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றில் உமாமி என்னும் சுவையை இனங்கண்டார். எழுதுவோர்க்கு இவற்றினும் பயன்படும் செய்தி ஒன்றுண்டு. சளி பிடித்தால் ரசம் சப்பென்று இருக்கிறதல்லவா? சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணமே. ஆகவே நாவை மட்டும் நம்பி எழுதினால் போதாது. மூக்கையும் விரலையும் உடன் அழைத்துக்கொள்ள வேண்டும்.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் காட்டும் புதுமணப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தயிர் பிசைந்த விரல்கள், அவ்விரல்களைத் துடைத்த சேலை, தாளிப்புப் புகை ஏறிய கண்கள், புளிக்குழம்பு. இவ்வளவும் வந்த பிறகே கணவன் 'இனிது' என்று உண்கிறான். நாம் எழுதும் 'சுவையாக' என்பதைவிட அது பெரிய சொல்லன்று. ஆனால் அதற்கு முன்னே அந்தப் புகை இருக்கிறது!

கசப்பான அனுபவம், காரசாரமான விவாதம், புளித்துப்போன கதை, உப்புச்சப்பற்ற பேச்சு என்று நாவின் சொற்களை எல்லாவற்றுக்கும் கடன் கொடுத்துவிட்டோம். (துவர்ப்பு மட்டும் யாருக்கும் வேண்டாமல் வாழைப்பூவோடு நின்றுவிட்டது, பாவம்!) அனுபவத்துக்கு நினைவு வரும் கசப்பு, பாகற்காய்க்கு மறந்துபோகலாமா?

அடுப்படிச் செய்தி கட்டுரைக்கு ஏற்றதன்று என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று கருதுகிறோம். நோட்ஸில் மனப்பாடம் செய்த வருணனைக்கு மதிப்பெண் கிடைப்பதை மறுக்கவில்லை. எனினும் பெண்கள் நாள்தோறும் நாவாலும் கையாலும் பெற்ற அறிவைப் பெண்களே எழுத்துக்கு வெளியே நிறுத்துவது நமக்கு உடன்பாடன்று. கொதிக்கும் குழம்பின் ஆவியை முகர்ந்தே "உப்புப் பத்தாது" என்று சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று அவர்களைக் கேட்டு எழுதினால், அடுத்த ஆண்டு மலரில் இரண்டு பக்கமாவது நிறையும்.