பூட்டு மாத்திரைக்கா, பிள்ளைக்கா?

ஏடிஹெச்டி உள்ள பையனுக்கு டாக்டர் மெத்தில்பெனிடேட் எழுதித் தருகிறார். அப்புறம் அப்பா மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று கடை கடையாக அலைய வேண்டியதுதான். காரணம், 1945 மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணை. கடைக்குத் தனி லைசென்ஸ், டாக்டர் சீட்டு இரண்டு பிரதி, அதில் ஒன்றைக் கடைக்காரர் 2 வருடம் பத்திரப்படுத்தணும். நாலு பேர் வாங்கும் சரக்குக்கு யார் இந்தத் தலைவலியை வாங்குவார்?

சரி, கிடைத்தாலும் முதல் மாத்திரையே ஒத்துக்கொள்ளுமா? ஒருவனுக்குப் பசி செத்துப்போகும், இன்னொருவனுக்குத் தூக்கம் போகும். அளவை மாற்றி மாற்றித்தான் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு, அதே அலைச்சல்! அலுத்துப்போய் எக்ஸ் அட்டவணையில் இல்லாத அடோமாக்ஸெடினுக்கு மாறினால், முழுப் பலன் தெரிய வாரக்கணக்காகும். ப்ளஸ் டூ பரீட்சை அதுவரை காத்திருக்குமாக்கும்.

போதைக்குப் போகாமல் தடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? லைசென்ஸ் உள்ள கடைகளை ஏரியாவாரியாகப் பட்டியல் போட்டு ஒவ்வொரு டாக்டர் மேஜையிலும் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?