ஊமையான படம்

சென்ற ஐப்பசியில் குன்னூருக்குப் போயிருந்தோம். "ஐப்பசி மழையில் யாராவது குன்னூருக்குப் போவார்களா?" என்று நேயர்கள் கேட்கலாம். மலைச் சாலையில் மண் சரியும் காலம் அது என்பது நமக்கும் தெரியும். ஆனால் நண்பர் வீட்டுப் பாட்டியாருக்கு எண்பது வயது நிறைந்தது. மழைக்குப் பயந்து போகாமலிருக்க முடியுமா?

எதிரேயிருந்த தேயிலைத் தோட்டத்தை மேகம் விழுங்கிவிட்ட மாலை வேளையில், வீட்டார் அனைவரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடினார்கள். காலஞ்சென்ற தாத்தாவைப் பேரன் 2008-ம் வருஷத்தில் தன் கைபேசியில் எடுத்த படம் ஒன்று பழைய கணிப்பொறியில் அகப்பட்டிருந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியின் பின்புறம் செருகினான். படம் வந்தது. கம்பளிக் குல்லாய் அணிந்த தாத்தா ஏதோ சொல்கிறார், உதடு அசைகிறது, ஓசை மட்டும் இல்லை.

"ஏண்டா கண்ணா, தாத்தா பேசுகிறாரே, குரலைக் காணோமே?" என்றார் பாட்டி.

தமிழ்ப் படம் 1931-ம் வருஷத்தில் "காளிதாஸ்" மூலமாகப் பேசத் தொடங்கிற்று. இத்தனை காலத்துக்குப் பிறகு குன்னூரில் ஒரு படம் மறுபடியும் ஊமையாகிவிட்டது!

காரணம் இதுதான். கணிப்பொறிப் படக் கோப்பு என்பது ஓர் அடுக்கு டிபன் காரியரைப் போன்றது. ஓர் அடுக்கில் படம், இன்னொன்றில் ஒலி, சிலவற்றில் மூன்றாவது அடுக்கில் வசன எழுத்துக்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, எம்.கே.வி., 3ஜி.பி. என்பவை காரியரின் பெயர்களே. உள்ளேயிருக்கும் பண்டத்தின் பெயர்கள் அல்ல. படத்தையும் ஒலியையும் அப்படியே வைத்தால் இடம் போதாது. ஆகவே அவற்றைச் சுருக்கி வைக்கிறார்கள். சுருக்கும் முறைகள் பல. சுருக்கிய முறை தெரிந்த யந்திரத்தினால்தான் அதை விரிக்க முடியும்.

தாத்தாவின் குரல் ஏ.எம்.ஆர். என்னும் முறையில் இருந்தது. கைபேசிப் பேச்சுக்காகவே வகுக்கப்பட்ட முறை அது. படத்தின் அடுக்கைத் திறந்த பெட்டிக்கு, ஒலியின் அடுக்கைத் திறக்கத் தெரியவில்லை. எல்லா முறைகளையும் அதற்குக் கற்பித்தால் என்ன? அவற்றில் பலவற்றுக்கு உரிமைக் கட்டணம் உண்டு. எதற்குப் பணம் கட்டுவது, எதை விட்டுவிடுவது என்று பெட்டி செய்வோர் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் பாட்டியின் ஆசைக்கு இடமில்லை.

தாத்தா உத்தியோகம் பார்த்தது உதகையில், இந்து நகரிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில். அரசாங்கம் 1960-ல் நிறுவிய அந்தத் தொழிற்சாலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, "இந்து" என்ற பெயரில் படச் சுருள்களைச் செய்தது. சுருளுக்கு ஒரு குணம் உண்டு: வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், எந்தக் குழந்தைக்கும் உருவம் தெரியும். கோப்பைத் தூக்கிப் பிடித்தால் என்ன தெரியும்? கோப்புகள் பெருகின, சுருளை வாங்குவார் குறைந்தனர், தொழிற்சாலையும் மூடப்பட்டது. காலத்தோடு நாம் சண்டையிடவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொருளைக் காப்பதற்கு அதிக விவரம் வேண்டும் என்கிறோம்.

அந்த விவரம் பிரம்மவித்தை அன்று. பெட்டி விரிக்காததைக் கணிப்பொறியைக் கொண்டு விரித்து, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகப் பெட்டிக்கு அனுப்பலாம். அப்போது பெட்டி வெறும் திரையாக இருந்தால் போதும். பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் தொடங்கிய வி.எல்.சி. என்ற மென்பொருள் பெரும்பாலான முறைகளை விரித்துவிடும். 2001 முதல் அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். நிரந்தரப் பரிகாரம் வேண்டுமானால், படத்தை எச்.264 முறையிலும் ஒலியை ஏ.ஏ.சி. முறையிலும் மாற்றி, எம்.பி.4 கோப்பாக ஒரு பிரதி எடுக்கவேண்டும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் பயனில்லை. காரியரின் மேல் வேறு சீட்டு ஒட்டினால் சாம்பார் பாயசமாகிவிடுமா? பழைய பெட்டிகள் சில ஃபாட் 32 முறையில் அமைந்த பென் டிரைவை மட்டுமே ஏற்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி. அளவை எட்டக்கூடாது. முக்கியமாக, மாற்றிய பிறகு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மாற்றும்போதெல்லாம் படத்தின் தெளிவு சிறிது குறையும்.

பேரன் கணிப்பொறியைக் கொண்டுவந்து கம்பியை இணைத்தான். திரையில் அதே நாற்காலி, அதே குல்லாய். பதினைந்து வருஷத்துக்கு மேலாகக் கேளாதிருந்த குரல் கூடத்தில் ஒலித்தது: "கதவைச் சாத்துடா, குளிர் அடிக்கிறது."

பாட்டி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பழைய கைபேசியிலும் இப்படி ஒரு குரல் அடைபட்டிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி எடுத்து, ஒரு முறை பெட்டியில் போட்டுப் பாருங்கள். கேட்க விரும்புகிறவர்கள் இருக்கும்போதே அதைப் பேசவைத்துவிட வேண்டும்.